கருமருந்துத் துப்பாக்கி பழக விரும்புவோருக்கு: பென்சில்வேனியாவில் முறையாகத் தொடங்கும் வழி

வேலைக்காக அமெரிக்கா வந்து பென்சில்வேனியாவில் குடியிருக்கும் நம்மவர்களில் சிலருக்கு மஸில்லோடர் மீது ஆசை வருகிறது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்துக் கஜக்கோலால் கெட்டித்துச் சுடும் பழைய மாதிரித் துப்பாக்கி அது. நம் ஊர்க் காவல்துறைச் செய்திகளில் எஸ்.பி.எம்.எல். (ஒற்றைக் குழல் மஸில்லோடர்) என்று வருவதும் இந்த வகைதான். ஊரில் உரிமம் இல்லாமல் அதை வீட்டில் வைத்திருந்தால் கைதுதான். இங்கே பல கடைகளில் பணம் கொடுத்தால் கையில் தந்துவிடுகிறார்கள். அந்தச் சுலபத்தைப் பார்த்து முதல் வேலையாகத் துப்பாக்கியை வாங்கிவிடுகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொண்டு விழிக்கிறார்கள். சிக்கல் விசாவில் இருக்கிறது, மருந்தில் இருக்கிறது, அதைப் பற்றவைக்கும் கேப்பில் இருக்கிறது. துப்பாக்கியில் கிட்டத்தட்ட இல்லை.

இந்த விவரங்களை ஒரே இடத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கடைக்காரர் ஒன்று சொல்வார், கிளப்பில் வேறொன்று சொல்வார்கள், இருவருமே அமெரிக்கக் குடிமக்கள் என்பதால் விசா பற்றி இருவருக்கும் தெரியாது. நான் அலைந்து தெரிந்துகொண்டதை, நீங்கள் செய்யவேண்டிய வரிசையிலேயே கீழே தருகிறேன். நான் வழக்கறிஞன் அல்ல. விசா தொடர்பான பகுதியில் சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.

1. முதலில் உங்கள் விசாவை எடுத்துப் பாருங்கள்

கிரீன் கார்டு உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 என்று எந்தத் தற்காலிக விசாவில் இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.

கூட்டாட்சிச் சட்டத்தின் 18ஆம் தொகுப்பு, 922ஆம் பிரிவின்படி, தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியோ அதற்கான தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது ஒன்றுதான்: ஏதேனும் ஓர் அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை உங்களுக்குப் பொருந்தாது.

இதில் மஸில்லோடர் எங்கே வருகிறது? 1898 அல்லது அதற்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கிகளையும், கருமருந்துக்காகவே செய்யப்பட்டு இன்றைய தோட்டாவைப் போட முடியாத மஸில்லோடர்களையும் சட்டம் 'ஆன்டீக்' என்று தனியே வைக்கிறது. கூட்டாட்சிச் சட்டத்தின் கண்ணில் அவை 'துப்பாக்கி' ஆகா. அதனால்தான் அவற்றை வாங்க, கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் தேவைப்படுவதில்லை.

இதைக் கேட்டதும் 'அப்படியானால் எனக்கு லைசென்ஸே வேண்டாமே' என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி: மஸில்லோடர் போலத் தோன்றும் எல்லாமே ஆன்டீக் அல்ல. குழலை மட்டும் மாற்றி இன்றைய ரைஃபிளாக்க முடிகிறவை சட்டப்படி முழுத் துப்பாக்கிகள். தாம்ப்சன் சென்டர் என்கோர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மாஸ்பர்க் 500 ஷாட்கன்னில் மஸில்லோடர் குழலைப் பொருத்தினாலும் அது ஷாட்கன்தான். பழைய சாமான் சந்தையிலோ தனியாரிடமோ வாங்கும்போது இந்த வித்தியாசத்தை விற்பவர் சொல்ல மாட்டார். அவருக்கு அது முக்கியமில்லை. உங்களுக்கு மிக முக்கியம்.

இரண்டாம் பொறி: சட்டத்தின் பார்வையில் 'அம்யூனிஷன்' என்பது முழுத் தோட்டா மட்டுமல்ல. இன்றைய துப்பாக்கிக்கென்று செய்த வெற்றுக் கேஸ், பிரைமர் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), புல்லட், மருந்து ஆகிய நான்கும் தனித்தனியாகவே அம்யூனிஷன். இன்லைன் என்ற இன்றைய வகை மஸில்லோடர்கள் பலவற்றில் நெருப்பு வைப்பது 209 பிரைமர். அது ஷாட்கன் தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட பிரைமர். துப்பாக்கி ஆன்டீக்காகவே இருந்தாலும், லைசென்ஸ் இல்லாத விசாக்காரர் கையில் அந்தச் சின்ன டப்பா இருப்பது ஆபத்து.

மூன்றாம் பொறி: மாநிலச் சட்டம். டெலவேர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் போனால் மஸில்லோடரும் துப்பாக்கியாகவே நடத்தப்படுகிறது. அங்கே குடியிருப்பவர் வாங்க மாநில அடையாள அட்டை வேண்டும். எடிசனில் இருக்கும் நண்பருக்கு 'இது ஆன்டீக்தான்' என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

922ஆம் பிரிவின் இந்தத் தடையை மீறிய குற்றத்துக்கு 2022 முதல் அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுகள். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடுகடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. வேட்டை லைசென்ஸுக்கு ஆகும் செலவு ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் செலவைவிடக் குறைவு. வேட்டைக்கே போகாமல் இலக்கை மட்டும் சுடுவதாக இருந்தாலும், தற்காலிக விசாவில் இருப்பவர் அந்த லைசென்ஸை எடுத்துக்கொண்டுதான் இந்தப் பக்கம் வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கணவன் மனைவி இருவரும் விசாவில் இருந்து ஒருவரிடம் மட்டும் லைசென்ஸ் இருந்தால், பெட்டியின் சாவியும் ரகசிய எண்ணும் அவரிடம் மட்டுமே இருக்கட்டும். மற்றவர் கைக்கு எட்டும்படி வைத்தால் அவரும் 'வைத்திருப்பதாக' வாதிட இடமாகிவிடும். இருவருக்குமே ஆர்வம் என்றால் இருவரும் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள்.

2. வேட்டைப் பயிற்சி வகுப்பை முடியுங்கள்

பென்சில்வேனியாவில் முதல்முறை லைசென்ஸ் எடுப்பவர், எந்த வயதானாலும், ஹன்டர்-ட்ராப்பர் எஜுகேஷன் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். வேட்டையைக் கவனிக்கும் மாநிலத் துறையான கேம் கமிஷன் இதை நடத்துகிறது. நேரடி வகுப்பு இலவசம், இணையவழிப் படிப்புக்குக் கட்டணம் உண்டு. நேரம் இருந்தால் நேரடி வகுப்புக்கே போங்கள். துப்பாக்கியைக் கையில் வாங்குவது, கொடுப்பது, வேலி தாண்டுவது எப்படி என்று கண்முன்னே காட்டுவார்கள். உள்ளூர் ஆட்கள் நாலு பேர் அறிமுகமாவார்கள். பின்னால் மருந்து தேடும்போது அந்த அறிமுகம்தான் உதவும்.

சீசன் நெருங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் இந்த வகுப்புகள் நிரம்பிவிடும். வசந்த காலத்திலேயே பதிவு செய்யுங்கள். சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது, மற்ற மாநிலங்களும் ஏற்கும். அட்டையை ஸ்கேன் செய்து பத்திரப்படுத்துங்கள்.

3. லைசென்ஸ்: கையில் வேண்டியவை, கட்டணம், தேதி

ஹன்ட்ஃபிஷ்பிஏ என்ற மாநில இணையதளத்திலோ லைசென்ஸ் விற்கும் கடையிலோ எடுக்கலாம். பயிற்சிச் சான்றிதழ், முகவரியோடு கூடிய புகைப்பட அடையாளம் (ஓட்டுநர் உரிமம் போதும்), சோஷியல் செக்யூரிட்டி எண் ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

மாநிலத்தில் தொடர்ந்து 30 நாள் குடியிருந்தவர் 'ரெசிடென்ட்' கணக்கில் வருவார். பெரியவர்களுக்கான பொது லைசென்ஸ் கட்டணங்களோடு சேர்த்து 20.97 டாலர், மஸில்லோடர் சீசன்களில் வேட்டையாட அதன்மேல் 11.97 டாலருக்கு மஸில்லோடர் லைசென்ஸ். வெளிமாநிலத்தவருக்குப் பொது லைசென்ஸே 101.97 டாலர். புதிதாகக் குடிவந்தவர்கள் அந்த 30 நாள் முடியும்வரை பொறுத்தால் பணம் மிச்சம். கட்டணங்கள் மாறக்கூடியவை; எடுக்கும் அன்று தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான தேதி. லைசென்ஸ் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடிகிறது. நீங்கள் மே மாதம் எடுத்தாலும் ஜூன் 30-இல் அது செத்துவிடும். விசாவில் இருப்பவரின் வீட்டில் இன்றைய துப்பாக்கியோ 209 பிரைமரோ இருந்து, ஜூலை 1 காலையில் புது லைசென்ஸ் இல்லை என்றால், அந்த நிமிடம் முதல் அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். கோடையில் வேட்டை சீசன் இல்லாததால் 'செப்டம்பரில் புதுப்பித்துக்கொள்ளலாம்' என்று உள்ளூர்க்காரர்கள் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு அது நடக்கும், நமக்கு நடக்காது. ஜூன் கடைசி வாரத்தில் கைபேசியில் நினைவூட்டல் போட்டுவையுங்கள்.

4. துப்பாக்கிக்கு முன் ஒரு கிளப்பைத் தேடுங்கள்

மாநிலம் முழுக்க கேம் கமிஷனின் அரசு நிலங்களில் பொது ரேஞ்சுகள் (சுடும் பயிற்சித் தளங்கள்) இருக்கின்றன. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேட்டை லைசென்ஸ் இருந்தால் தனிக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் ரேஞ்ச் பெர்மிட் எடுக்க வேண்டும். ஆனால் கருமருந்தைத் தனியாகப் போய்க் கற்றுக்கொள்ள முயலாதீர்கள். மஸில்லோடர் பிரிவு உள்ள ஊர்க் கிளப்புகள் பென்சில்வேனியாவில் நிறையவே உண்டு. தேசிய அளவில் நேஷனல் மஸில் லோடிங் ரைஃபிள் அசோசியேஷன் 1933 முதல் இயங்குகிறது. இந்தியானா மாநிலத்தின் ஃப்ரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அதன் பெரிய போட்டிகள் நடக்கின்றன.

கிளப்புக்குப் போய் 'எனக்கு ஒன்றும் தெரியாது, பார்க்க வந்தேன்' என்று சொல்லுங்கள். வயதானவர் யாராவது தன் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, பக்கத்தில் நின்று சுடவைப்பார். அங்கே என்னைப் போன்ற தோற்றம் உள்ளவர் யாரும் இல்லையே என்ற தயக்கம் வரும். முதல் அரை மணி நேரம்தான் அது இருக்கும். கருமருந்துக்காரர்கள் தாங்கள் கற்றதைச் சொல்லிக்கொடுக்க ஏங்குகிறவர்கள்.

5. துப்பாக்கி: மூன்று வகை, ஒரு முடிவு

சக்கிமுக்கிக் கல் உரசி நெருப்பு வைப்பது ஃப்ளின்ட்லாக். செம்புக் கேப்பைக் குதிரை (விசையை இழுத்தால் விழும் சுத்தியல்) அடித்து நெருப்பு வைப்பது பெர்கஷன். 209 பிரைமரைக் குழலுக்கு நேர் பின்னால் வைப்பது இன்லைன்.

எதை வாங்குவது என்பதை எந்த சீசனில் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதே முடிவு செய்யும். அக்டோபரில் வரும் கொம்பில்லா மான்களுக்கான மஸில்லோடர் வாரத்தில் மூன்று வகையும் செல்லும். கிறிஸ்துமஸுக்கு மறுநாளை ஒட்டித் தொடங்கி ஜனவரி வரை போகும் பிற்பகுதி சீசனில் ஃப்ளின்ட்லாக் மட்டுமே; அதுவும் 44 கேலிபர் (குழலின் உள்விட்டம் 0.44 அங்குலம்) அல்லது அதற்கு மேல். கடைக்காரர் காட்டும் மலிவான இன்லைனை வாங்கிவிட்டு அந்தப் பிற்பகுதி சீசனில் அதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போக முடியாது.

விலை தோராயமாக: தொடக்க நிலை இன்லைன் 250 முதல் 300 டாலர்; தொடக்க நிலை ஃப்ளின்ட்லாக் 400 முதல் 600; இத்தாலியப் பெடர்சோலி போன்றவை ஆயிரத்தைத் தாண்டும். விசாவில் இருப்பவருக்கு நான் சொல்வது 50 கேலிபர் ஃப்ளின்ட்லாக். அதற்குப் பிரைமரும் வேண்டாம் கேப்பும் வேண்டாம். கல்லும் மருந்தும் குண்டும் போதும். 50 கேலிபருக்கு 0.490 அங்குல ஈயக் குண்டும் அதைச் சுற்ற 0.015 அங்குலத் தடிமனுள்ள பேட்ச் துணியும் பொதுவான தொடக்கம்.

பழையது வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கஜக்கோலைக் குழலுக்குள் விட்டு ஆழத்தை அளப்பது. கோல் எவ்வளவு உள்ளே போகிறது என்று குறித்து, அதை வெளியே குழலோடு வைத்துப் பாருங்கள். பற்றுத்துளை வரை எட்டாமல் முன்னாலேயே நின்றால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ள வேண்டும். தாத்தா கெட்டித்து மாட்டிய துப்பாக்கி பேரன் காலத்திலும் வெடிக்கும். நீங்களே எடுக்க முயலாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

6. மருந்து: இங்கேதான் அதிகம் அலைவீர்கள்

உண்மையான கருமருந்து பெரிய விளையாட்டுப் பொருள் கடைகளில் பெரும்பாலும் கிடைக்காது. அது சட்டப்படி வெடிபொருள். விற்கிறவருக்குக் கூட்டாட்சி வெடிபொருள் லைசென்ஸும் தனிச் சேமிப்பிடமும் தேவை. அந்தத் தொல்லை வேண்டாம் என்று அவர்கள் மாற்று மருந்துகளை மட்டும் வைத்திருப்பார்கள்: பைரோடெக்ஸ், ட்ரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209. பெர்கஷனுக்கும் இன்லைனுக்கும் முதல் இரண்டு சரி; பிளாக்ஹார்னுக்கு 209 பிரைமரின் சூடு வேண்டும். ஃப்ளின்ட்லாக்குக்கு இவை எதுவும் ஆகா. கல் தரும் பொறியில் பற்றுகிற அளவுக்கு இவை எளிதில் தீப்பிடிப்பவை அல்ல. கடையில் 'இதுவும் அதேதான்' என்று சொன்னாலும் வாங்கிவராதீர்கள்.

வாங்குபவரைப் பொறுத்தவரை, ஆன்டீக் துப்பாக்கியில் விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டுக் காரியங்களுக்காக, தொழிற்சாலையில் செய்த கருமருந்து 50 பவுண்டு வரை வைத்துக்கொள்ளக் கூட்டாட்சி வெடிபொருள் லைசென்ஸ் தேவையில்லை. 'தொழிற்சாலையில் செய்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் தயாரித்த மருந்துக்கு இந்த விலக்கு கிடையாது. காணொளிகளைப் பார்த்து அந்த வேலையில் இறங்காதீர்கள். விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. விசாவில் இருப்பவருக்கு அதற்குப் பிறகு சட்டமும் காத்திருக்கும்.

கிடைக்கும் பெயர்கள்: கோயெக்ஸ் (லூசியானாவின் மின்டனில் தயாராகிறது, 2021-இல் நின்றுபோய், எஸ்டஸ் நிறுவனம் வாங்கிய பிறகு மீண்டும் வருகிறது), ஸ்விஸ், ஷூட்சன். ஒரு பவுண்டு 25 முதல் 40 டாலர் வரை. இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் ஐந்து பவுண்டுக்குக் குறையாமல் எடுக்கவேண்டியிருக்கும். ஆபத்துப் பொருளுக்கான தனிக் கட்டணம் வேறு, 20 முதல் 50 டாலர் வரை. அஞ்சலில் வராது, தனியார் கூரியரில் மட்டும் வரும். வயது வந்தவர் கையெழுத்திட்டு வாங்கவேண்டும். அதனால்தான் கிளப் முக்கியம்: நாலைந்து பேர் சேர்ந்து தருவித்தால் அந்தக் கட்டணம் பங்காகிவிடும்.

டப்பாவில் பரலின் அளவைச் சொல்லும் எஃப் எழுத்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஓர் எஃப் பெரிய பரல், பீரங்கிக்கும் பெரிய மஸ்கட்டுக்கும். இரண்டு எஃப் 50 கேலிபரும் அதற்கு மேலும். மூன்று எஃப் 45-உம் அதற்குக் கீழும், கைத்துப்பாக்கிகளும். நான்கு எஃப் மாவு போன்றது. ஃப்ளின்ட்லாக்கில் பொறி விழும் சிறு கிண்ணத்தில் மட்டும் இடுவது, குழலுக்குள் போகக் கூடாது. தொடக்கத்தில் இரண்டு எஃப்பில் ஒன்றும் நான்கு எஃப்பில் ஒன்றும் போதும். ஒரு பவுண்டு 7000 கிரெய்ன். ஒரு வெடிக்கு 70 கிரெய்ன் என்று கணக்கிட்டால் நூறு முறை சுடலாம். உங்கள் துப்பாக்கிக்கு எத்தனை கிரெய்ன் என்பதை அதைச் செய்தவர் தந்த கையேட்டிலிருந்து எடுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரரின் அளவு அவர் குழலுக்கானது.

அந்த 'கிரெய்ன்' விஷயத்தில் ஒரு பெரிய பொறி உண்டு. கருமருந்திலும் மாற்று மருந்திலும் கிரெய்ன் என்பது கொள்ளளவு. பித்தளை அளவுக் குழாயால் அளப்பது. தோட்டா நிரப்பும் புகையில்லா மருந்தில் கிரெய்ன் என்பது எடை, தராசில் நிறுப்பது. ட்ரிபிள் செவன், பிளாக்ஹார்ன் போன்றவை கருமருந்தைவிட லேசானவை. கொள்ளளவில் சொன்ன எண்ணைத் தராசில் நிறுத்துப் போட்டால் மருந்து ஆபத்தான அளவுக்குக் கூடிவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். புகையில்லா மருந்தை மஸில்லோடரில் போடவே கூடாது, ஒரு சிட்டிகை கூட. குழல் வெடித்துக் கை போய்விடும். வீட்டில் இரண்டு வகை மருந்தும் இருந்தால் இரண்டு பூட்டு, இரண்டு அலமாரி. அசல் டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றவே மாற்றாதீர்கள்.

7. கேப்பும் பிரைமரும்

தீபாவளிக்குப் பொட்டுக் கேப்பு வெடித்தவர்களுக்கு இது புரியும்: அடித்தால் தீப்பொறி, அவ்வளவுதான். பெர்கஷன் துப்பாக்கிக்கு 10, 11 எண் கேப்புகளும், பெரிய மஸ்கட் கேப்பும் உண்டு. உங்கள் துப்பாக்கியின் நிப்பிளில் எது இறுக்கமாக உட்காருகிறதோ அதை மட்டும் வாங்குங்கள். தளர்ந்த கேப்பை விரலால் நசுக்கிப் பொருத்தும் பழக்கத்தைச் சிலரிடம் பார்ப்பீர்கள், பின்பற்றாதீர்கள்.

2020-க்குப் பிறகு கேப்புக்கும் பிரைமருக்கும் வந்த தட்டுப்பாட்டில் விலை ஏறியது. நூறு கேப் உள்ள தகர டப்பா 10 டாலருக்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். பார்க்கும்போது இரண்டு டப்பா எடுத்துவையுங்கள். கூரியரில் வாங்கினால் இதற்கும் ஆபத்துப் பொருள் கட்டணம் உண்டு. மருந்தும் கேப்பும் ஒரே ஆர்டரில் வாங்கினால் கட்டணம் ஒன்றாக முடியுமா என்று கேளுங்கள்.

8. வீட்டில் வைப்பது

அடுக்குமாடியில் வாடகைக்கு இருந்தால் முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். வெடிபொருள், எரிபொருள் கூடாது என்ற வரி பலவற்றில் இருக்கும். அப்படி இருந்தால் கருமருந்து வேண்டாம். தனி வீட்டுக்கு மாறும்வரை கிளப்பிலேயே பழகுங்கள். வீட்டுக் காப்பீட்டையும் பார்த்துவிடுங்கள்.

என்.எஃப்.பி.ஏ. 495 என்ற தீத்தடுப்பு நெறி, வீட்டில் அசல் டப்பாவில் புகையில்லா மருந்து 20 பவுண்டு வரையும், பிரைமர் 10,000 வரையும் வைக்கலாம் என்கிறது. அதைவிடக் கடுமையான உள்ளூர் விதி இருக்கலாம். நகராட்சித் தீயணைப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். கருமருந்தைக் கனமான மரப்பெட்டியில் வையுங்கள். காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள் வைத்தால், தீ விபத்தில் அந்தப் பெட்டியே வெடிகுண்டாகும். தண்ணீர் ஹீட்டர், துணி உலர்த்தி, அடுப்பு, வெயிலில் நிற்கும் கார் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி. பிரைமர் வேறு அறையில். பூஜை அறை விளக்கையும் மறந்துவிடாதீர்கள். பக்கத்து அலமாரி வசதியாக இருக்கிறது என்று அங்கே வைத்துவிடத் தோன்றும்.

9. ரேஞ்சில் முதல் நாள்

கண்ணாடி, காதடைப்பு, பருத்திச் சட்டை. செயற்கை நூல் சட்டையில் பொறி பட்டால் உருகி ஒட்டும்.

மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டாதீர்கள். முந்தைய வெடியின் கங்கு உள்ளே இருந்தால் குடுவை முழுதும் கையில் வெடிக்கும். அளவுக் குழாயில் எடுத்து, அதிலிருந்து ஊற்றுங்கள், குழல்வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாமல்.

குண்டு மருந்தின்மேல் முழுதாக உட்கார வேண்டும். நடுவில் நின்றால் குழல் வீங்கிக் கிழியலாம். சரியாகக் கெட்டித்த ஒருமுறை கஜக்கோலில், குழல்வாய் விளிம்புக்கு நேரே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த முறை கோடு வெளியே தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை, அல்லது ஏற்கெனவே ஒன்று உள்ளே இருக்கிறது. கிண்ணத்து மருந்தும் கேப்பும் கடைசி. இலக்கைப் பார்த்து நின்ற பிறகுதான்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லையா? குழலை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ஒரு முழு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள். தாமதமாக வெடிப்பது கருமருந்தில் சகஜம்.

அன்றே கழுவுங்கள். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து ஒரே இரவில் துருவேற்றும். சோப்புத் தண்ணீர் போதும்; கழுவித் துடைத்து நன்றாக உலர்த்தி எண்ணெய் இடுங்கள். பிறகு கையை நன்றாகக் கழுவி, உடையை மாற்றி, அதன்பின் சாப்பாடு. குண்டு ஈயம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ரேஞ்சுக்குப் போட்ட செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமை எட்டினாலே கவனிக்கவேண்டும் என்கிறது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி.

10. தோட்டா நிரப்புவது பற்றி

மஸில்லோடர் பழகியவர்கள் அடுத்து ரீலோடிங் பக்கம் போவது வழக்கம்: சுட்ட வெற்றுக் கேஸில் புதுப் பிரைமர், மருந்து, புல்லட் வைத்து மீண்டும் தோட்டாவாக்குவது. சொந்தப் பயன்பாட்டுக்குக் கூட்டாட்சி லைசென்ஸ் தேவையில்லை. நண்பருக்கு விற்கத் தொடங்கினால் கதை வேறு. தோட்டா தயாரிப்பாளர் என்ற 06 வகை லைசென்ஸ் வேண்டும் (மூன்றாண்டுக்கு 30 டாலர்). தற்காலிக விசாவில் வேலை செய்கிறவர் பக்கத் தொழில் செய்யவே கூடாது என்பது தனி விஷயம்.

இங்கே ஆன்டீக் விலக்கு எதுவும் கிடையாது. மேலே சொன்ன நான்கு பொருளும் அம்யூனிஷன். வேட்டை லைசென்ஸ் ஒரு நாள்கூட விட்டுப்போகாமல் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

ஒற்றை நிலை ப்ரெஸ், டைகள், தராசு, காலிப்பர் அடங்கிய தொடக்கத் தொகுப்பு 200 முதல் 500 டாலர். பணம் மிச்சமாகும் என்று 9 மி.மீ. நிரப்பத் தொடங்காதீர்கள், கடைத் தோட்டாவோடு ஒப்பிட்டால் மிச்சம் அற்பம். 45-70 போன்ற விலை கூடிய தோட்டாவுக்குத்தான் கணக்கு சரிவரும். அளவுகளை மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் பட்டியலிலிருந்து மட்டும் எடுங்கள். குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். மேசையில் ஒரே நேரத்தில் ஒரே மருந்து டப்பா. பிள்ளையோ கைபேசியோ அழைத்தால் வேலையை நிறுத்தி, திரும்பி வந்ததும் ஒவ்வொரு கேஸையும் விளக்கடித்துப் பாருங்கள். இரண்டுமுறை மருந்து விழுந்த கேஸ் அப்போதுதான் தெரியும்.

11. மொத்தச் செலவும் காலமும்

ஃப்ளின்ட்லாக் வழியில், ரெசிடென்ட் ஒருவருக்கு: இரண்டு லைசென்ஸும் சேர்த்து சுமார் 33 டாலர், துப்பாக்கி 400 முதல் 600, இரண்டு பவுண்டு மருந்து கட்டணத்தில் பங்கோடு 70 முதல் 100, குண்டு, துணி, கல், அளவுக் குழாய், சுத்தம் செய்யும் சாமான் 100, கண்ணாடியும் காதடைப்பும் 40. தொள்ளாயிரம் டாலரைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்கினால் நிம்மதி.

ஏப்ரலில் வகுப்புக்குப் பதிவு. மே, ஜூனில் வகுப்பும் கிளப்பும் (லைசென்ஸ் வரும்வரை விசாக்காரர் கிளப்பில் பார்ப்பதோடு சரி). ஜூலை முதல் வாரத்தில் லைசென்ஸ், முழு ஆண்டும் கையில் இருக்கும். பிறகு துப்பாக்கி, மருந்து. ஆகஸ்ட் முழுக்க ரேஞ்ச். டிசம்பர் 26 உறைபனியில் நடுங்கும் விரலோடு கிண்ணத்தில் மருந்திட வேண்டுமென்றால் இந்தப் பயிற்சி வேண்டும்.

12. விமானம் ஏறும்போதும் ஊர் திரும்பும்போதும்

கருமருந்து, மாற்று மருந்து, கேப், பிரைமர் எதுவும் விமானத்தில் கைப்பையிலும் போகாது, ஏற்றிவிடும் பெட்டியிலும் போகாது. ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையை இந்தியப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். மடிப்பில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரிந்தால், 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி வழக்கு வரும். அப்படி மாட்டிக்கொண்டவர்களின் செய்தி அடிக்கடி வருகிறது. சுட்ட வெற்றுக் கேஸைச் சாவிக்கொத்தாக மாமாவுக்குக் கொண்டுபோகும் எண்ணமும் வேண்டாம்.

நிரந்தரமாக ஊர் திரும்புகிறீர்கள் அல்லது வேலை போய் விசா நிலை மாறுகிறது என்றால், பொருள்களைக் கைவிடும் வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். இன்றைய துப்பாக்கி இருந்தால் லைசென்ஸ் உள்ள கடை வழியாக விற்றுவிடுங்கள். மீந்த மருந்தும் கேப்பும் கிளப்பில் தகுதியுள்ள நண்பர் ஒருவருக்கு, அசல் டப்பாவிலேயே. குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லையென்றால் நகராட்சித் தீயணைப்பு அலுவலகத்தை அழைத்து, எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.